தீத்தடைக் காலத்துத் தேங்காய்

2023 யூன் மாதம். சனிக்கிழமை. பகல் பன்னிரண்டு நாற்பது. திறந்த வெளியில் யாரும் நெருப்பு மூட்டக்கூடாது என்று டென்மார்க் முழுக்கத் தடை போட்டிருந்த நேரம். காய்ந்து சருகாகிக் கிடந்த ஒரு புதர்வெளியின் ஓரத்தில் நின்று, நான் ஒரு தேங்காயின் தலையில் கற்பூரம் வைத்துக் கொளுத்தினேன்.

நான் ஒரு தீயணைப்பு வீரன்.

இந்த இரண்டு விஷயங்களையும் அடுத்தடுத்துச் சொல்ல எனக்கே கூசுகிறது. என்ன செய்வது, நடந்த வரிசை அப்படி.

முழுநேர வீரன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கிரின்ஸ்டெட்டில் ஒரு தொழிற்சாலையில் பெட்டிகளுக்கு லேபல் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. இங்கே சிறிய ஊர்களில் தீயணைப்புக்காரர்கள் எல்லோருக்கும் வேறு தொழில் உண்டு. இடுப்பில் மாட்ட ஒரு பிப்பர், அவசர அழைப்புக் கருவி, கொடுப்பார்கள். அது அலறினால், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஐந்து நிமிடத்துக்குள் நிலையத்தில் நிற்க வேண்டும். அவ்வளவுதான் ஒப்பந்தம். முதல் ஆறு மாதம் பரீட்சைக் காலம். எனக்கு அதில் இன்னும் பதினைந்து நாள் மிச்சம். அதன்பிறகு எங்கள் குழுத்தலைவர் கார்ஸ்டன் ஒரு தாளில் கையெழுத்து வைப்பார். சிவானந்தன், வயது நாற்பத்தாறு, நிரந்தரம்.

அந்தக் கையெழுத்துக்காக நான் எதையும் செய்வேன். ஏன் என்று கேட்டால் காரணம் கொஞ்சம் அற்பமானது. இருபத்துநாலு வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். அதற்குள் இந்த ஊர் என்னை அவசரமாகத் தேடியது ஒரே ஒரு தடவை. அதுவும் என் கார் இன்னொருவரின் வாசலை மறித்து நின்றதற்காக. பிப்பர் வந்த பிறகு நிலைமை மாறியது. இப்போது எதிர்வீட்டுக் கிழவர் கையசைக்கிறார். பேக்கரிப் பெண் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள்.

நான் அதற்கு மேலேயும் போனேன். விபோர்க்கில் ஒரு கலியாணம். பிப்பரைக் கொண்டுபோய்ச் சாப்பாட்டு மேசையில், வடைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். "அது என்ன, அண்ணை?" என்று யாராவது கேட்கும்வரை இடம் மாற்றி மாற்றி வைத்தேன். விபோர்க் எங்கள் ஊரிலிருந்து எண்பது கிலோமீற்றர். அங்கிருந்து ஐந்து நிமிடத்தில் நிலையத்துக்கு வர ஹெலிகொப்டர்தான் வேண்டும். அதை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

சரி, தேங்காய்க்கு வருகிறேன்.

ஒரு கார் வாங்கினோம். மின்சாரக் கார், இரண்டாம் கை. மகள் சாரங்கிக்குப் பதினேழு வயது. அந்த மாதம்தான் லைசென்ஸ் எடுத்திருந்தாள். கோயிலுக்குக் கொண்டுபோனோம். ஐயர் மந்திரம் சொன்னார், சந்தனம் வைத்தார், மாலை போட்டார். கற்பூரம் மட்டும் வெளியில் காட்ட முடியாது, தடை இருக்கிறது என்று சொல்லிவிட்டார். சட்டத்தை மதிக்கிற ஐயர். அவரைத் தீயணைப்புப் படையில் சேர்த்து, என்னை மணியடிக்க விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

வரும் வழியில் என் மனைவி நிரஞ்சலா மடியிலிருந்த கற்பூரப் பெட்டியைத் திறந்து மூடிக்கொண்டே வந்தாள். அது நல்ல அறிகுறி இல்லை. கிரின்ஸ்டெட் எல்லை வந்ததும் வாயைத் திறந்தாள்.

"கற்பூரம் காட்டாத காரிலை என்ரை பிள்ளையைத் தனிய விடமாட்டன்."

தடை இருக்கிறது என்றேன். நீங்கள் எதற்கு இருக்கிறீர்கள் என்றாள். நெருப்பணைக்கிற ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு துண்டுக் கற்பூரத்துக்குப் பயப்படுவதா என்று கேட்டாள். கேள்வியின் முதல் பாதி என் நெஞ்சுக்குள் இனிப்பாக இறங்கியது. இரண்டாவது பாதியை நான் காதில் வாங்கவில்லை.

வீட்டு வாசலில் செய்ய முடியாது. எங்கள் வீதியில் ஒவ்வொரு திரைச்சீலைக்குப் பின்னாலும் ஓர் ஆள் நிற்பார். ஊரறிந்த தீயணைப்புக்காரன் தடைக்காலத்தில் தன் வாசலில் நெருப்புக் கொளுத்தலாமா? மானம் போய்விடும். ஆகவே யார் கண்ணிலும் படாத ஓர் இடத்தை யோசித்தேன். நன்றாகவே யோசித்தேன். யோசித்து, யூட்லாந்துப் பகுதி முழுவதிலும் அன்றைக்கு மிக இலகுவாகத் தீப்பிடிக்கக்கூடிய இடத்தைத் தெரிவுசெய்தேன்.

ஊருக்கு வெளியே ஒரு புதர்வெளி. மணல் தரை. முழங்கால் உயரத்துக்குச் சுள்ளிப் புதர்கள், இடையிடையே காற்று குவித்த மணல்மேடுகள். பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிவந்து, இதுதான் எங்கள் பாலைவனம் என்று காட்டுவார்கள். மற்ற வருடங்களில் அது ஒரு பகிடி. மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு பார்க்கிற பாலைவனம். அந்த வருடம் மே மாதத் தொடக்கத்திலிருந்து ஒரு துளி விழவில்லை. புல் வைக்கோலாகிவிட்டது. காலை வைத்தால் அப்பளம் போல நொறுங்கியது. நாட்டில் எங்காவது ஓர் இடத்தில் தினமும் பற்றியது. எங்களுக்கே அந்த மாதம் ஏழு அழைப்பு.

கிழக்குப் பக்கத்தில் ஒரு கார் தரிப்பிடம். சரளைக்கல் போட்டது. சரளைக்கல் எரியாது என்று நான் நிபுணன் குரலில் சொன்னேன். இரண்டு பெரிய போத்தல் தண்ணீரும் வைத்திருந்தேன். என் முறை பகல் இரண்டு மணிக்குத்தான் தொடங்கும். நேரமும் இருந்தது.

சாரங்கி மட்டும் தடைச் செயலியைக் கைப்பேசியில் திறந்து என் முகத்துக்கு நேரே பிடித்தாள். வரைபடம் முழுக்கச் சிவப்பு. டேனிஷில் ஏதோ சொன்னாள். 'அப்பா, உங்களுக்கு மூளை இருக்கிறதா' என்பதன் மரியாதையான வடிவம் அது.

தேங்காயின் மேல் நாலு கற்பூரக் கட்டி. பற்றவைத்தேன். காரை மூன்று தரம் சுற்றினேன். பிறகு, இவ்வளவு கவனமாக இருந்த மனிதன், பாரம்பரியத்தை மதித்து, எரிகிற கற்பூரத்தோடேயே தேங்காயை ஓங்கி நிலத்தில் அடித்தேன்.

தேங்காய் சிதறியது. கற்பூரம் பறந்தது.

மூன்று சுடர்களைக் காலால் மிதித்தேன். நாலாவதைக் காணவில்லை. இரண்டு போத்தல் தண்ணீரையும் குத்துமதிப்பாக ஊற்றினேன். கற்பூரம் எரிந்தால் ஒன்றுமே மிஞ்சாது, அதுபோல நம் ஆணவமும் கரைய வேண்டும் என்று ஐயர் சொல்வார். தடயமும் மிஞ்சாது என்பதை அவர் சொல்வதில்லை. ஐந்து நிமிடம் நின்று பார்த்தோம். புகை இல்லை. காரின் நாலு சில்லுக்கும் கீழே நாலு தேசிக்காய் வைத்தோம். சாரங்கி கண்ணை உருட்டிக்கொண்டே ஏற்றி நசித்தாள். கழித்த தேங்காயைத் திரும்ப எடுக்கக்கூடாது என்று நிரஞ்சலா சொன்னாள். விட்டுவிட்டு வந்தோம்.

மணி மூன்று பத்து. சமையலறையில் தேநீர்க் கோப்பையோடு நிற்கிறேன்.

பிப்பர் அலறியது.

திரையில் இரண்டே சொல். இயற்கைத் தீ. அடுத்த வரியில் புதர்வெளியின் பெயர்.

நிரஞ்சலா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். சாரங்கி எங்கள் இருவரையும் பார்த்தாள்.

"நாங்களோ?" என்றாள் நிரஞ்சலா.

"வாயைத் திறக்கப்படாது," என்றேன். "ரெண்டு பேரும்."

அந்த வயதில் அவ்வளவு வேகமாக நான் சைக்கிள் மிதித்தது கிடையாது. வழியெல்லாம் மனதுக்குள் செய்தித்தாள் அச்சாகிக்கொண்டிருந்தது. 'தீ வைத்தவரே தீயணைக்க வந்தார்.' கீழே என் படம். கடவுச்சீட்டுக்கு எடுத்த, ஒரு கண் பாதி மூடிய படம்.

நிலையத்தில் எனக்கு முன்பே மெட்டே நின்றாள். பகலில் பாலர் பாடசாலையில் மூன்று வயதுப் பிள்ளைகளுக்குச் சப்பாத்து மாட்டிவிடுகிறவள். ஆள் என் தோளுக்குத்தான் வருவாள். பயிற்சியின் முதல் நாளிலிருந்து அவள்தான் என் இணை. நீர்க்குழாயை எப்படிப் பிடிப்பது, எப்படிக் காலை ஊன்றுவது, எப்போது வாயை மூடிக்கொண்டு கேட்பது எல்லாம் அவள் சொல்லித்தந்ததுதான். என்னை எடுப்பதா என்று குழுவில் பேச்சு வந்தபோது, அவனோடு நான் நிற்கிறேன் என்று சொன்னவளும் அவளே. அது எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது.

எங்கள் வண்டியில் ஆறு பேர், பின்னால் தண்ணீர் வண்டியில் மூன்று பேர். யாரோ பகிடி விட்டார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், இரண்டு விநாடி பிந்தி.

வெளியை நெருங்கியபோது வானத்தின் ஒரு பாதி மண்ணிறமாக இருந்தது. புகைக்குக் கீழே நெருப்பு உயரமாக இல்லை. நீளமாக இருந்தது. புதர்கள் ஒவ்வொன்றாகப் பற்றவில்லை. விரிப்பின் ஓரத்தில் பிடித்த தீ மாதிரி ஒரு கோடாக வந்தது. முன்னால் ஊசியிலைக் காடு. காட்டுக்கு அப்பால் இரண்டு வீடுகள். ஒன்றின் வளவில் யாரோ குதிரையை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

கார்ஸ்டன் நாலு வசனத்தில் எல்லோருக்கும் இடம் சொன்னார். அவர் உழவு இயந்திரம் திருத்துகிறவர். யாரிடமும் அதற்கு மேல் பேசமாட்டார். பக்கத்துப் பண்ணைக்காரர்கள் மாட்டுச் சாணக் கரைசல் இழுக்கும் பெரிய தாங்கிகளில் தண்ணீர் கொண்டுவந்து நின்றார்கள். வாசனையைப் பற்றி அன்றைக்கு ஒருவரும் முறையிடவில்லை. எனக்கும் மெட்டேக்கும் காட்டோரத்து மண்பாதை. தீ அந்தப் பாதையைத் தாண்டக்கூடாது. அதுதான் உத்தரவு.

அந்த மண்பாதை எங்கே இருந்தது தெரியுமா? கிழக்குத் தரிப்பிடத்துக்கு எண்பது மீற்றர் தள்ளி.

குழாயின் முனையில் மெட்டே. அவளுக்குப் பின்னால் பாரத்தைத் தாங்கிக்கொண்டு நான். தண்ணீர் போகிறது. தீ இன்னும் தூரத்தில். நான் அதைப் பார்க்கவில்லை. வலது பக்கம், புல்லுக்கு இடையால், சரளைக்கல்லின் மேல் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. பிறகு இன்னொன்று. நான் உடைத்த தேங்காயின் சொட்டுகள். டென்மார்க்கில் எந்தப் பறவையும் அதைத் தொடவில்லை. நாளைக்குப் பொலிஸ் வரும். தீ எங்கே தொடங்கியது என்று தேடும். கிரின்ஸ்டெட்டில் தேங்காய் உடைக்கிற ஆட்கள் எத்தனை பேர்? அதில் இடுப்பில் பிப்பர் கட்டியவர் எத்தனை பேர்?

ஒரு விதி இருக்கிறது. குழாயில் இருவர். ஒருவர் விலகினால் மற்றவருக்கும் தலைவருக்கும் சொல்லி, மாற்று ஆள் வந்த பிறகே விலக வேண்டும். எழுத்துப் பரீட்சையில் அது ஏழாவது கேள்வி. எனக்கு முழுப் புள்ளி.

"பின்னால குழாய் எங்கயோ மடிஞ்சிருக்குப் போல. பாத்திட்டு வாறன்," என்று மெட்டேயிடம் டேனிஷில் சொன்னேன்.

அழுத்தம் சரியாகத்தானே இருக்கிறது என்றாள். அதற்குள் நான் ஓடிவிட்டேன்.

இருபத்தைந்து கிலோ உடுப்பும் தலைக்கவசமுமாக, ஒரு வளர்ந்த மனிதன், எரிகிற வெளிக்குப் பக்கத்தில், குனிந்து தேங்காய் பொறுக்கிய காட்சியை நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள். ஐந்து துண்டு. எல்லாவற்றையும் மேலங்கியின் உள்பையில் திணித்தேன். நசிந்த தேசிக்காய் நாலையும் விடவில்லை. குற்றவாளி என்றால் சுத்தமான குற்றவாளியாக இருக்க வேண்டும். நிமிர்ந்தபோது மனதுக்குள் ஒரு நிம்மதிகூட வந்தது. பிழைத்தேன் என்று நினைத்தேன்.

அப்போதுதான் காற்று ஒரு சுழற்றுச் சுழன்றது.

திரும்பிப் பார்த்தேன். மண்பாதையைக் காணவில்லை. பாதை இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு சுவர் நின்றது. அதற்குள்ளே செம்மஞ்சள் நிறம் மினுங்கி மறைந்தது.

மெட்டேயும் அதற்குள்தான்.

ஓடினேன். பெயர் சொல்லிக் கத்தினேன். தொண்டைக்குள் புகை போனது. பதில் இல்லை. எனக்குள் அச்சாகிக்கொண்டிருந்த செய்தித்தாள் நின்றுபோனது. அந்த மூன்று வயதுப் பிள்ளைகளுக்குத் திங்கட்கிழமை யார் சப்பாத்து மாட்டுவார்கள் என்று ஒரு நினைப்பு வந்தது. வேறு எதுவும் வரவில்லை.

நிலத்தில் குழாய் கிடந்தது. அது அசைந்தது. முழங்காலில் விழுந்து, அதைக் கையால் தடவிக்கொண்டே போனேன். இருபது மீற்றர் இருக்கும். மெட்டே இரண்டு முழங்காலிலும் நின்று, முனையை விசிறியாகத் திறந்து, தண்ணீரைக் குடை மாதிரி முன்னால் பிடித்தபடி, அங்குலம் அங்குலமாகப் பின்னால் வந்துகொண்டிருந்தாள். இருவர் பிடிக்கிற குழாயை ஒருத்தியாக. நான் பின்னால் பாய்ந்து பிடித்தேன். இருவருமாக இழுத்து வெளியே வந்தோம்.

முகக் கண்ணாடியைத் தூக்கினாள். முகம் சிவந்திருந்தது. இடது புருவம் இல்லை.

"எங்க நிண்டனீ?"

"மடிப்பு எடுத்தனான்," என்றேன்.

தலையாட்டினாள். திரும்பவும் முனையைப் பிடித்தாள். அடுத்த இரண்டு மணித்தியாலம் அந்தப் பாதையைத் தீ தாண்டவில்லை. வீடுகள் தப்பின. குதிரையும் தப்பியது. மாலை ஆறரைக்கு மற்ற ஊர்க்காரர்கள் வந்து பொறுப்பெடுத்தார்கள். நாங்கள் நிலையத்துக்குத் திரும்பினோம்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இன்றைக்கு நிரந்தர வீரன்.

உடுப்பு மாற்றும் அறை. எட்டுப் பேர் சுற்றி நிற்கிறார்கள். எல்லோர் கையிலும் கோலா. மேலங்கியைக் கழற்றிக் கொழுக்கியில் மாட்டினேன். களைப்பில் தலைகீழாக மாட்டிவிட்டேன்.

சீமெந்துத் தரையில் ஒவ்வொன்றாக விழுந்தது. தேங்காய்த் துண்டு ஒன்று. இரண்டு. மூன்று. பிறகு ஒரு தேசிக்காய். மீதித் தேங்காய், தேசிக்காய் எல்லாம் கொஞ்சம் யோசித்துவிட்டு விழுந்தன.

கார்ஸ்டன் ஒரு துண்டை எடுத்து முகர்ந்து பார்த்தார். சந்தையில் வாங்கி வந்ததாக ஒரு பொய் என் நாக்கு நுனியில் இருந்தது. மெட்டேயின் இல்லாத புருவத்தைப் பார்த்தேன். பொய் வரவில்லை.

உண்மையைச் சொன்னேன். நன்றாகவே சொன்னேன். நீதிமன்றத்தில் நிற்கிற மாதிரி நிமிர்ந்து நின்று, கார் வாங்கியதிலிருந்து ஆரம்பித்து, ஐயர், கற்பூரம், காணாமல்போன நாலாவது சுடர் வரைக்கும். இந்தத் தீயை வைத்தவன் நான்தான், பொலிசைக் கூப்பிடுங்கள் என்று முடித்தேன். அந்தக் கணத்தில் என்னைப் பற்றி எனக்கு ஒரு மதிப்பு வந்தது என்பதையும் மறைக்கக்கூடாது.

கார்ஸ்டன் கோலாவை மேசையில் வைத்தார். சுவரிலிருந்த வரைபடத்துக்குப் போனார்.

"காத்து எங்கயிருந்து அடிச்சது?"

"மேற்கிலயிருந்து," என்றேன்.

"நீ தேங்காய் உடைச்சது?"

"கிழக்குத் தரிப்பிடம்."

அவர் விரலை மேற்கிலிருந்து கிழக்கே இழுத்துக் காட்டினார். தீ மேற்கு முனையில் தொடங்கிக் கிழக்கே வந்திருக்கிறது. அங்கே சுற்றுலா வந்த ஒரு குடும்பம், ஒருதடவை இறைச்சி சுட்டுவிட்டு எறிகிற தகரக் கிரில்லைச் சூட்டோடு புல்லில் வைத்துவிட்டுப் போயிருக்கிறது. அவர்களே பயந்து அழைத்துச் சொல்லியும்விட்டார்கள். என்னுடைய தரிப்பிடத்துக்குத் தீ கடைசிவரை வந்து சேரவேயில்லை. தீ காற்றுக்கு எதிராகப் பாய்ந்து போகாது என்பது பயிற்சியின் இரண்டாம் நாள் பாடம். அதற்கும் எனக்கு முழுப் புள்ளி.

அறையில் ஒருவன் சிரித்தான். பிறகு எல்லோரும். நானும் சிரித்தேன். இந்தத் தடவை பிந்தவில்லை. தடையை மீறியது மீறியதுதான், அதைத் திங்கட்கிழமை பொலிசிடம் நீயே போய்ச் சொல்லு என்றார் கார்ஸ்டன். சொல்கிறேன் என்றேன். அது ஒரு அபராதத்தோடு முடிகிற விஷயம். தப்பிவிட்டேன் என்று, அன்றைக்கு இரண்டாம் முறையாக, நினைத்தேன்.

மெட்டே சிரிக்கவில்லை. குனிந்து ஒரு துண்டை எடுத்தாள். கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதைக் கொளுத்தினது மத்தியானம். அப்ப விட்டிட்டுப் போயிட்டாய். அப்ப, எப்ப எடுத்தனீ?"

சிரிப்பு ஒவ்வொருவராக நின்றது.

நான் குனிந்து தேசிக்காய்களைப் பொறுக்கத் தொடங்கினேன்.

"குழாயில மடிப்பு இருக்கேல்ல, என்ன?"

"இல்லை."

"எவ்வளவு நேரம்?"

"நாலு நிமிஷம் இருக்கும்."

"எனக்கு அதைவிடக் கூடவாத் தெரிஞ்சது," என்றாள் மெட்டே. துண்டை மேசையில் வைத்துவிட்டுக் கைகழுவப் போய்விட்டாள்.

வைக்காத தீக்கு அவ்வளவு வீரமாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டவன், செய்த குற்றத்துக்கு நாலு சொல் பேச முடியாமல் நின்றேன். கார்ஸ்டன் கையை நீட்டினார். எதைக் கேட்கிறார் என்று விளங்கியது. பிப்பரைக் கழற்றிக் கொடுத்தேன்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் இலகுவாக இருந்திருக்கும். பரீட்சைக் காலத்தை ஒக்டோபர் வரை நீட்டுகிறேன் என்றார். ஆனால் தன் கையெழுத்தால் ஒன்றும் நடக்காது என்றும் சொன்னார்.

"குழாயில ரெண்டு பேர் வேணும், சிவா. உன்னோட நிக்கிறன் எண்டு இவங்களுக்குள்ள ஓராள் சொல்லோணும். ஆரையும் நான் கட்டாயப்படுத்த மாட்டன்."

அறையைச் சுற்றிப் பார்த்தேன். எல்லோரும் சப்பாத்துக் கயிறு கட்டுவதில் மும்முரமாக இருந்தார்கள். எங்கள் சப்பாத்துகளில் கயிறு கிடையாது.

வீட்டில் நிரஞ்சலா சாமிப்படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் வைத்த தீ இல்லை என்றேன். கையெடுத்துக் கும்பிட்டாள். மிச்சத்தையும் சொன்னேன். கும்பிட்ட கையை இறக்கினாள். அந்தப் பிள்ளைக்கு ஏதாவது நடந்திருந்தால் என்று ஆரம்பித்து, முடிக்காமல் எழுந்து போனாள். சாரங்கி எதிரில் வந்து உட்கார்ந்தாள். டேனிஷில் திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

"அவவுக்கு சொறி சொன்னீங்களோ?" என்று தமிழில் கேட்டாள்.

சொல்லவில்லை. அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. எட்டுப் பேருக்கு முன்னால் அவ்வளவு நீளமாகப் பேசியதில் மன்னிப்புக் கேட்கிற அந்த ஒரு சொல் மட்டும் இல்லை.

மறுநாள் மெட்டேயின் வாசலில் மணியடித்தேன். கதவைத் திறந்தாள். வலது புருவத்தையும் மழித்திருந்தாள், இரண்டும் சமமாக இருக்கட்டும் என்று. அந்தச் சொல்லைச் சொன்னேன். கதவுப் பிடியிலிருந்து கையை எடுக்காமல் கேட்டாள். நீ சொன்னதைக் கேட்டேன் என்று மட்டும் சொன்னாள். கதவைச் சாத்தினாள். அடித்துச் சாத்தவில்லை என்பதை இரண்டு வாரம் மனதில் வைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

யூலை வந்தது. மழையும் வந்தது. எட்டு வாரத்து மழை ஒரே மாதத்தில் கொட்டியது. குழுவுக்கு நிலவறைகளில் தண்ணீர் இறைக்கிற வேலை. தீயணைப்பு வண்டி எங்கள் வீதியால் போகும்போதெல்லாம் திரைச்சீலைக்குப் பின்னால் ஓர் ஆள் நின்று பார்த்தான். அது நான்தான். தொழிற்சாலையில் ஒருவன் பிப்பர் எங்கே என்று கேட்டான். திருத்தக் கொடுத்திருக்கிறது என்றேன். திருந்த வேண்டியது பிப்பர் இல்லை என்று அவனிடம் விளக்கிக்கொண்டிருக்க நேரம் இல்லை.

மூன்றாம் வாரம், புதன்கிழமை, கைப்பேசிக்கு ஒரு செய்தி. மெட்டே. 'வியாழன் ஏழு மணி. பயிற்சி. வா.'

போனேன். நிலையத்து முற்றத்தில் எல்லோரும் கூரைக்குக் கீழே, கோப்பியோடு வரிசையாக நின்றார்கள். மழை தூறியது. முற்றத்தின் நடுவில் பெரிய குழாய் ஒன்று விரித்திருந்தது. புதர்வெளியில் பிடித்ததைவிடத் தடித்தது. மெட்டே தண்ணீர்த் திருகில் கையை வைத்தபடி நின்றாள். புருவம் இலேசாக முளைத்திருந்தது.

"முனையைப் பிடி," என்றாள்.

பிடித்தேன். பின்னால் யார் நிற்பது என்று கேட்டேன்.

"ஒருத்தரும் இல்லை. நாலு நிமிஷம்."

திருகைத் திறந்தாள்.

முதல் அரை நிமிடம் நின்றேன். அதைப் பெருமையாகவே சொல்வேன். பிறகு குழாய் என்னைப் பிடித்தது. நான் இடதுபக்கம் போக நினைத்தால் அது வலதுபக்கம் போனது. முற்றத்தைச் சுற்றி இழுத்துக்கொண்டு போனது. குப்பைத் தொட்டியைக் கவிழ்த்தோம், நானும் குழாயுமாக. கார்ஸ்டனின் காரைக் கழுவினோம். ஒரு கட்டத்தில் தரையில் இருந்துவிட்டேன். இருந்தபடியே பின்னால் வழுக்கிக்கொண்டு போனேன். கூரைக்குக் கீழே ஒருவன் சிரித்துச் சிரித்துக் கோப்பியைத் தன்மேல் ஊற்றிக்கொண்டான். மெட்டே மணிக்கூட்டைப் பார்த்தபடி நின்றாள். அழுத்தத்தைப் பாதியில் வைத்திருந்தாள் என்று பிற்பாடு தெரிந்தது.

இரண்டாவது நிமிடத்தில் எனக்குச் சிரிப்பும் போய்விட்டது. தோள் கழன்றுவிடும்போல இருந்தது. இதில் புகை இல்லை. நெருப்பு இல்லை. சுற்றிவர ஆட்கள் நிற்கிறார்கள், வேண்டுமென்றால் திருகை மூடலாம். அந்தப் புகைக்குள் யாருமே இல்லாமல், கண்ணும் தெரியாமல், இணை வருவான் வருவான் என்று நினைத்துக்கொண்டு அவள் நின்றிருக்கிறாள். முழங்காலில் நின்றேன். முனையை விசிறியாகத் திறந்தேன். அவள் செய்தது போலவே. அப்படித்தான் கொஞ்சம் அடங்கியது. குழாயை மட்டும் விட்டுவிடவில்லை.

மூன்றாவது நிமிடம் முடிந்திருக்கும். பாரம் திடீரென்று பாதியாகக் குறைந்தது. திருகை மூடிவிட்டாள் என்று நினைத்தேன். இல்லை. தண்ணீர் அதே வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தது. என் முதுகில் ஒரு தோள் முட்டுக் கொடுத்திருந்தது. பின்னால் இரண்டு கைகள் குழாயை இறுக்கிப் பிடித்திருந்தன.

"காலை அகட்டி வை," என்றாள் மெட்டே.

வைத்தேன்.